நவம்பரில் கழற்றிய ஜன்னல் ஏசி: குயின்ஸில் ஒரு குடும்பத்தின் நிகழ்வு ஆய்வு

நியூயார்க் நகரத்தின் குயின்ஸ் பகுதியில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தில் நடந்தது இது. குடியிருப்போர் சங்கத்தில் பாதுகாப்பு சம்பந்தமான வேலைகளை நான் கவனிப்பதால், ஆரம்பத்திலிருந்தே பக்கத்தில் இருந்து பார்க்க முடிந்தது. அந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடு, பெயர்களையும் வீட்டு எண்ணையும் தவிர்த்துவிட்டு எழுதுகிறேன்.

பின்னணி

1930-களில் கட்டிய ஆறு மாடிச் செங்கல் கட்டடம். அடித்தளத்தில் ஒரு கொதிகலன். அங்கிருந்து நீராவி குழாய் வழியாக ஏறி, ஒவ்வோர் அறையிலும், பெரும்பாலும் ஜன்னலுக்குக் கீழே, அறையைச் சூடாக்க இருக்கும் இரும்பு ரேடியேட்டருக்கு வரும். சம்பவம் நடந்த வீடு அமெரிக்கக் கணக்கில் மூன்றாவது மாடி, நம் ஊர்க் கணக்கில் இரண்டாவது. கணவன், மனைவி, மூன்று வயது மகள். அந்த இலையுதிர் காலத்தில் மனைவியின் பெற்றோர் திருச்சியிலிருந்து வந்து தங்கியிருந்தார்கள். அப்பா தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த விஷயத்தில் அது இரண்டு விதமாகவும் வேலை செய்தது.

ஏசி, குழந்தையும் தாத்தா பாட்டியும் படுக்கும் அறையின் ஜன்னலில் இருந்தது. 10,000 பி.டி.யு. (குளிர்விக்கும் திறனின் அளவு), பழைய மாடல், எடை சுமார் 75 பவுண்டு, அதாவது 34 கிலோ. முன்பு குடியிருந்தவர் வைத்துவிட்டுப் போனது. இவர்கள் குடிவந்தபின் வந்த முதல் குளிர்காலத்தில் அதைக் கழற்றவில்லை. உள்பக்கம் ஒரு போர்வையைச் செருகிவிட்டுச் சமாளித்தார்கள்.

இந்த ஊர் ஜன்னல் எப்படி வேலை செய்கிறது என்று சொன்னால்தான் மற்றது புரியும். நம் ஊரில் ஜன்னல் ஏசிக்குச் சுவரிலோ ஜன்னலிலோ தனியாக மரச்சட்டம் போட்டு, வெளியே இரும்பு ஆங்கிளில் ஸ்டாண்டு அடித்து, அதன்மேல் உட்கார வைப்பார்கள். பக்கத்து ஜன்னலைத் திறந்தாலும் மூடினாலும் ஏசிக்கு ஒன்றும் ஆகாது. நியூயார்க்கின் பழைய கட்டடங்களில் ஜன்னலுக்கு மேலும் கீழுமாக இரண்டு கண்ணாடிச் சட்டங்கள். கீழ்ச் சட்டத்தை மேலே தூக்கி, ஏசியைச் சன்னல் திட்டில் வைத்து, சட்டத்தை அதன் தலைமேல் இறக்கி அழுத்துவார்கள். பக்கவாட்டு இடைவெளியை விசிறிபோல விரியும் மடிப்புப் பிளாஸ்டிக் தட்டி மூடும். கம்ப்ரசர் வெளிப்பக்கம் இருப்பதால் கனமெல்லாம் திட்டுக்கு வெளியேதான். வெளியே பிராக்கெட் இல்லையென்றால் அதைப் பிடித்து நிறுத்துவது பெரும்பாலும் அந்தக் கீழ்ச் சட்டத்தின் அழுத்தம்தான்.

சம்பவம்

நவம்பர் நடுப்பகுதி, வெளியே உறைநிலைக்குப் பக்கத்தில். இந்த நகரத்தில் அக்டோபர் 1 முதல் மே 31 வரை வீட்டு உரிமையாளர் வெப்பம் தர வேண்டும். பகலில் வெளியே 55 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் உள்ளே குறைந்தது 68 (20 செல்சியஸ்), இரவில் வெளியே எப்படியிருந்தாலும் குறைந்தது 62. குறைந்தபட்சத்துக்குத்தான் விதி. பழைய நீராவி அமைப்பில் கொதிகலனுக்குத் தூரத்தில் இருக்கும் வீடு 68 ஆகும்போது, பக்கத்தில் இருக்கும் வீடு 80-ஐத் தாண்டிவிடும். இவர்கள் வீடு இரண்டாவது வகை. இங்கே பலர் ஜனவரியிலும் ஜன்னலைத் திறந்து வைத்திருப்பதன் காரணம் இதுதான், பணத் திமிர் இல்லை.

இரவு ஒரு மணிக்கு மேல் அம்மாவுக்குப் புழுக்கம் தாங்கவில்லை. அப்பா எழுந்து, ஏசி இருந்த ஜன்னலின் கீழ்ச் சட்டத்தை இரண்டு விரல் உயரம் தூக்கினார். ஏசி தனியாக ஸ்டாண்டில் நிற்கிறது என்பது அவர் நினைப்பு. நாற்பது வருஷம் பார்த்த ஏசிகள் அப்படித்தான் நின்றன.

தூக்கிய நொடியில் ஏசியின் முன்பக்கம் மேலே எழும்பி, பின்பக்கம் வெளியே சாய்ந்தது. கை பழகிய மனிதர். ஏசியைப் பிடிக்கப் போகாமல் சட்டத்தை அப்படியே கீழே அழுத்திவிட்டார். ஏசித் தலையின் விளிம்பு சட்டத்தின் அடிக்கட்டையில் மாட்டிக்கொண்டு நின்றது. சத்தம் கேட்டு ஓடிவந்த மருமகன் ஏசியின் முகப்பைப் பிடித்து உள்ளே இழுக்கப் பார்த்தபோது, “மாப்பிள்ளை, கை வைக்காதீங்க. நின்ன இடத்துல நிக்கட்டும்” என்று தடுத்தாராம். பிளக்கைக் கழற்றி, அறையைக் காலி செய்துவிட்டு எல்லோரும் கூடத்தில் படுத்தார்கள். அந்த இரவில் எடுத்த முடிவுகளில் மிக நல்லது அதுதான் என்று நினைக்கிறேன். தூக்கக் கலக்கத்தில், ஒரே விளக்கில், 34 கிலோவை உள்ளே இழுக்க முயன்றிருந்தால் கதை வேறு. ஜன்னலுக்கு நேர் கீழேதான் கட்டடத்தின் பக்கவாசலுக்குப் போகும் நடைபாதை.

காலையில் பார்த்தது

காலையில் கட்டடத்தின் பராமரிப்பாளரைக் கூப்பிட்டார்கள். இங்கே அவரை எல்லோரும் ‘சூப்பர்’ என்றுதான் சொல்வோம். அவர் முதலில் வீட்டுக்குள் வரவில்லை. கீழே நடைபாதையின் இரண்டு முனையிலும் தடுப்பு வைத்துவிட்டுத்தான் மேலே ஏறினார்.

வெளியே பிராக்கெட் கிடையாது. அதற்குப் பதில் ஏசியின் அடியில், திட்டின் வெளி விளிம்பில், இரண்டு மரத்துண்டுகளை முட்டுக் கொடுத்திருந்தார் முன்பு குடியிருந்தவர். ஒன்று மழையில் ஊறி, விரலால் அழுத்தினால் உள்ளே போகும் அளவுக்கு உளுத்திருந்தது. ஏசி சாய்ந்தது அந்தப் பக்கம்தான். இடது தட்டியில் ஸ்க்ரூவே இல்லை. பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணித்திருந்தது. கீழ்ச் சட்டம் மேலே ஏறாமல் தடுக்கும் சின்ன இரும்பு மூலைத் துண்டும் இல்லை. ஏசி வாங்கும்போது பெட்டியிலேயே வரும் சாமான் அது. நிறையப் பேர் அதைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்.

நகரக் கட்டடத் துறை இதைப் பற்றித் தெளிவாகவே சொல்கிறது. மரக்கட்டை, செங்கல், தடித்த புத்தகம் எதையும் முட்டுக் கொடுக்கக் கூடாது. உலோக பிராக்கெட்டோ ஆங்கிளோ வேண்டும். ஜன்னலைத் திறந்தாலும் ஏசி நகரக் கூடாது. இல்லையென்றால் ஜன்னல் எளிதில் திறக்க முடியாதபடி இருக்க வேண்டும். இங்கே இரண்டுமே இல்லை.

முடிவு: விடுவதா, கழற்றுவதா

மூன்று யோசனைகள் வந்தன. முதலாவது, சட்டத்தை ஆணியடித்து இறுக்கிவிட்டு, வெளியே உறை போட்டு, மே மாதம் வரை விட்டுவிடுவது. கணவருக்கு இதுதான் பிடித்தது. வைக்க இடமில்லாத சின்ன வீடு, காரணம் புரிகிறது. சரியாகப் பொருத்திய ஏசியாக இருந்தால் இதில் தப்பும் இல்லை. குளிர்காலம் முழுக்க விட்டுவைத்தால் தட்டி வழியே குளிர்காற்று வரும், கொஞ்சம் காசு வீணாகும், அவ்வளவுதான். ஆனால் இங்கே அடிமுட்டே உளுத்துப்போயிருந்தது. அதன்மேல் பனியும் ஏறினால் என்ன ஆகும் என்பதற்கு யாரிடமும் பதில் இல்லை.

இரண்டாவது, இப்போதே பிராக்கெட் போடுவது. சாய்ந்து நிற்கும் ஏசிக்கு அடியில், வெளியே எக்கி பிராக்கெட்டை முடுக்க வேண்டும். சூப்பர் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார்.

மூன்றாவது, கழற்றி உள்ளே வைப்பது. அதற்கே எல்லோரும் வந்தார்கள். வழக்கமாக, கழற்றுவதற்கு முன் ஒரு காய்ந்த நாளில் ஏசியை வெறும் விசிறியில் சில மணி நேரம் ஓடவிட்டு உள்ளே காயவைப்பார்கள். இங்கே அதிர்வு வேண்டாம் என்பதால் அது விடப்பட்டது. அதற்கான விலை பின்னால் தெரிந்தது.

கழற்றிய விதம்

அன்று மதியமே செய்தோம். பாட்டி குழந்தையோடு எதிர்வீட்டுக்குப் போய்விட்டார். சூப்பர் கீழே நடைபாதையில். உள்ளே நான்கு பேர்.

ரேடியேட்டர் சரியாக நாம் நிற்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. அதன் வால்வை முழுக்க மூடி, ஆறவிட்டோம். ஒற்றைக் குழாய் நீராவி அமைப்பில் வால்வு ஒன்று முழுதாகத் திறந்திருக்க வேண்டும், அல்லது முழுதாக மூடியிருக்க வேண்டும். பாதியில் விட்டால் உள்ளே தண்ணீர் தேங்கி, சுத்தியலால் அடிப்பதுபோல் சத்தம் போடும்.

அடுத்து கயிறு. அப்பாவின் யோசனை, ஏசியைக் கட்டி ரேடியேட்டர் காலில் முடிச்சுப் போடுவது. தொண்ணூறு வருஷக் குழாய் இணைப்பு, இழுவை பட்டால் நீராவி கசியும் என்று சூப்பர் மறுத்தார். அப்பா வாதாடவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, அறை வாசலுக்கு வெளியே, நிலையின் இரண்டு பக்கமும் அணைந்து நிற்கும்படி ஒரு தடித்த கட்டையைக் குறுக்காகப் பிடிக்கச் சொல்லி அதில் கயிற்றைச் சுற்றினார். இழுக்க இழுக்க அந்தக் கட்டை சுவரோடு சேர்ந்து இறுகும். தனியாக எதிலும் ஆணியடிக்க வேண்டாம்.

கயிற்றை ஏசியின் முதுகுப்பக்கம் எப்படிக் கொண்டுபோவது? சட்டத்தைத் தொடாமல் இரண்டு பக்கத் தட்டிகளையும் மட்டும் கழற்றினோம். ஒரு கோட் மாட்டும் கம்பியை நீட்டி, நுனியைக் கொக்கியாக வளைத்து, வலப்பக்க இடைவெளி வழியே அப்பா பின்னால் விட்டார். இடப்பக்கத்திலிருந்து மனைவி நீட்டிய கயிற்று நுனியைக் கொக்கி கவ்வியது. இரண்டு தடவை தவறி, மூன்றாவதில் வந்தது. உடலைச் சுற்றி இரண்டு சுற்று, முன்னால் ஒரு முடிச்சு, மிச்சக் கயிறு வாசல் கட்டைக்கு.

ஏசிக்கு இரண்டு பக்கமும் கணவரும் நானும். கயிற்றில் அப்பா. சட்டத்தில் மனைவி. ஒருவர் குரல் மட்டும்தான் கேட்க வேண்டும் என்று முதலிலேயே பேசிக்கொண்டோம், அது அப்பாவின் குரல். “மெதுவா… ஒரு விரல்… நிறுத்து” என்று சொல்லச் சொல்லச் சட்டம் ஏறியது. ஏறிய அளவுக்குக் கயிறு இறுகியது. ஏசி நிமிர்ந்து திட்டில் உட்கார்ந்ததும் தூக்க முயலவில்லை. திட்டு உயரத்துக்கு ஒரு மேசையைப் போட்டு, மேலே தடித்த துண்டு விரித்து வைத்திருந்தோம். அதன்மேல் இழுத்தோம். சட்டம் இறங்கிப் பூட்டியபிறகுதான் சூப்பருக்குக் கையசைத்தோம்.

காயவைப்பதும் சுத்தம் செய்வதும்

ஜன்னல் ஏசி காற்றிலிருந்து பிழியும் தண்ணீர் முழுவதும் வெளியே போய்விடுவதில்லை. அடித்தட்டில் தேங்கும் தண்ணீரை வெளிப்பக்க விசிறியின் வளையம் வாரி, சூடான காயில்மேல் (தகடுகள் கோத்த குழாய்ச் சுருள்) இறைக்கும். கோடையில் சலசலவென்று கேட்கும் சத்தம் அதுதான், பழுது இல்லை. ஆனால் சீசன் முடிந்தபின் தட்டில் மிஞ்சும் தண்ணீர் அங்கேயே கிடக்கும். இதன் அடியில் இருந்த ரப்பர் அடைப்பானைப் பிடுங்கியதும் ஒரு சொம்பு அளவுக்குக் கறுப்புத் தண்ணீர் வந்தது. குளத்துச் சேற்று வாடை. அடியில் பாசி, இலைத்துகள், ஒரு மூலையில் துரு.

இரண்டு கோடையாக அறைக்குள் வந்த ஏதோ ஒரு வாடைக்கு விளக்கம் கிடைத்தது. குழந்தையின் மெத்தையை இரண்டு முறை மாற்றியிருக்கிறார்கள், பாவம்.

முகப்பைக் கழற்றி, ஃபில்டரை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவினார்கள். காயிலை மென்மையான பிரஷ்ஷால் மேலிருந்து கீழாக, தகடுகள் ஓடும் திசையிலேயே தேய்த்தார்கள். குறுக்கே தேய்த்தால் அலுமினியத் தகடுகள் மடங்கிக் காற்று போகாது. கயிறு பட்டு மடங்கியிருந்த ஓரிடத்தை அப்பா ஒரு பழைய சீப்பால் நிமிர்த்தினார். மின்பகுதி இருந்த பக்கம் தண்ணீர் படவில்லை. பிறகு மேசை விசிறியை எதிரே வைத்து, தட்டு முழுக்கக் காயும்வரை ஓடவிட்டார்கள்.

எங்கே வைப்பது

கட்டடத்தின் அடித்தளத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் கம்பிவலைக் கூண்டு உண்டு. கணவர் அங்கே வைக்க நினைத்தார். சூப்பர் கூட்டிப்போய்ச் சுவரில் தண்ணீர் நின்ற கறையைக் காட்டினார். 2021 செப்டம்பர் 1 இரவு, ஐடா புயலின் மிச்சம் நகரத்தில் கொட்டியபோது ஏறியது. அன்று சென்ட்ரல் பார்க்கில் ஒரே மணி நேரத்தில் 3.15 அங்குலம் மழை. குயின்ஸில் அடித்தள வீடுகளில் உயிர்களே போயின. ஏசி வெறும் சாமான்தான், என்றாலும் தண்ணீர் ஏறும் என்று தெரிந்த இடத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டியதில்லை.

கடைசியில் கூடத்து அலமாரியின் கீழ்த்தட்டு. ஒரு பலகைமேல், வேலை செய்யும்போது எப்படி நிற்குமோ அப்படியே நிமிர்த்தி. பக்கவாட்டிலோ குப்புறவோ படுக்கவைத்தால் கம்ப்ரசரின் எண்ணெய் குளிர்பதனக் குழாய்க்குள் ஓடிவிடும். அதன்மேல் எதையும் அடுக்கவில்லை. மூட பிளாஸ்டிக் பை வேண்டாம், உள்ளே வேர்க்கும் என்று சொல்லி, அப்பா தன் பழைய வேட்டி ஒன்றைக் கொடுத்தார். கழற்றிய ஸ்க்ரூக்கள், தட்டிகள், அடைப்பான் எல்லாம் ஒரு பையில் போட்டு ஏசியின் முகப்பிலேயே ஒட்டியாயிற்று.

அதற்குப் பிறகு தெரியவந்தது

விஷயம் முடிந்தது என்று நினைத்திருந்தோம். சில நாள் கழித்து, குழந்தை ரேடியேட்டர் மூடியின்மேல் ஏறி நின்று, குப்பை லாரியைப் பார்த்துக்கொண்டிருந்ததைப் பாட்டி பார்த்திருக்கிறார். புழுக்கத்துக்காக ஜன்னல் ஒரு சாண் திறந்திருந்தது.

மூன்றோ அதற்கு மேலோ வீடுகள் உள்ள கட்டடத்தில், 10 வயதோ அதற்குக் கீழோ குழந்தை இருந்தால், ஜன்னல்களுக்குக் கம்பித் தடுப்பு போட வேண்டியது இந்த நகரத்தில் சட்டம். தீ விபத்தில் இறங்கும் படிக்கட்டுக்குப் போகும் ஜன்னலுக்கு விலக்கு. நிரந்தரமாகப் பொருத்திய ஏசி இருக்கும் ஜன்னலுக்கும் தடுப்பு வேண்டாம். ஜனவரியில் இதற்காக வரும் படிவத்தை இவர்கள் ஒழுங்காக நிரப்பித்தான் கொடுத்திருந்தார்கள். மற்ற ஜன்னல்களில் தடுப்பு இருந்தது. இந்த ஜன்னலில் ஏசி இருந்ததால் விட்டுவிட்டார்கள். ஏசியை எடுத்த அன்றே, வீட்டில் குழந்தை ஏறக்கூடிய ஒரே ஜன்னல் திறந்த ஜன்னலாகிவிட்டது. ஏசி விழுமோ என்று பயந்த நாங்கள் எல்லோரும் அதைப் பார்க்கவில்லை என்று சொன்னால் பாதிதான் உண்மை. அந்த வேலையை யாருடைய பொறுப்பிலும் யாரும் வைக்கவில்லை.

அன்றைக்கே சூப்பர் ஜன்னல் பள்ளத்தில் ஒரு தடைக்கட்டையை முடுக்கி, நாலரை அங்குலத்துக்குமேல் ஏறாமல் செய்தார். விதியும் அந்த அளவைத்தான் சொல்கிறது. நிர்வாகத்துக்கு எழுதிக் கேட்டதும் கம்பித் தடுப்பும் வந்தது. ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அப்பா ஒருமுறை திருகிப் பார்த்தார்.

புழுக்கம் மட்டும் அப்படியே இருந்தது. ரேடியேட்டரின் காற்றுப்போக்கியில் வெப்பத்துக்கு ஏற்ப மூடிக்கொள்ளும் ஒரு வால்வைச் சேர்த்தார்கள். ஒற்றைக் குழாய் அமைப்பில் காற்று வெளியேறினால்தான் நீராவி உள்ளே வரும். அறை சூடானதும் அந்த வால்வு காற்றை அடைத்துவிடும், நீராவி நின்றுவிடும். இந்தச் சின்ன சாமான் அக்டோபரிலேயே இருந்திருந்தால், அந்த இரவில் யாரும் ஜன்னலைத் தொட்டிருக்க மாட்டார்கள்.

வசந்தத்தில்

மே மாதக் கடைசியில் ஏசி திரும்ப ஏறியது, ஆனால் அதே ஜன்னலில் இல்லை. குழந்தையின் அறையில் கம்பித் தடுப்பை எடுக்க வேண்டாம் என்று முடிவு செய்து, கணவன் மனைவி படுக்கும் அறைக்கு மாற்றினார்கள். அந்த ஜன்னலுக்குக் கீழே ரேடியேட்டர் இல்லை, நடைபாதையும் இல்லை. நிர்வாகம் அனுப்பிய ஆள் வெளியே உலோக பிராக்கெட் போட்டு, மடிப்புத் தட்டிக்குப் பதில் கெட்டியான பலகையை ஸ்க்ரூ போட்டு முடுக்கினார். கீழ்ச் சட்டம் ஏறாமலிருக்க மூலைத் துண்டும் போட்டார். ஒரு நாள் அப்படியே நிற்கவிட்டபின்தான் ஸ்விட்சைப் போட்டார்கள். நன்றாகக் குளிர்ந்தது, வாடை இல்லை. ஜன்னல் விளிம்பில் ஒட்டியிருந்த பழைய ஃபோம் பொடிப்பொடியாக உதிர்ந்ததால் அதை மட்டும் புதிதாக வாங்க வேண்டியிருந்தது.

இப்போது மாற்றியிருப்பவை

கட்டடத்தில் ஏசி அறிவிப்பு செப்டம்பர் கடைசியிலேயே போகிறது. கொதிகலன் பற்றவைத்த பிறகு போட்டால் பிரயோஜனமில்லை என்பதே இந்த நிகழ்விலிருந்து சங்கம் எடுத்துக்கொண்டது. ஏசி உள்ள ஜன்னலை ஒருபோதும் தூக்க வேண்டாம் என்று அறிவிப்பின் முதல் வரியிலேயே இருக்கிறது. வெளியூரிலிருந்து விருந்தாளிகள் வந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள் என்று அடுத்த வரி. ஏசியை எடுத்ததாக யார் சொன்னாலும், சூப்பரின் முதல் கேள்வி வீட்டில் சின்னக் குழந்தை உண்டா என்பதுதான்.

முடியாமல் இருப்பதும் உண்டு. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால், மரக்கட்டை முட்டோடு இன்னும் சில ஏசிகள் தெரிகின்றன. அவற்றில் பாதி தனியாக இருக்கும் வயதானவர்களுடையவை. கழற்றித் தர ஓர் ஆளும், கோடைவரை ஏசிகளை வைத்திருக்க ஒரு காய்ந்த அறையும் வேண்டும் என்று நிர்வாகத்திடம் கேட்டிருக்கிறோம். ஆளுக்குச் சம்மதித்திருக்கிறார்கள், அறைக்கு இன்னும் பதில் வரவில்லை.